அறைக்குள் ஓர் ஆல்பம்: வீட்டு ஒலிப்பதிவும் தனி இசைக்கலைஞரும்

ஒரு முழு இசை ஆல்பத்தைத் திரைப்பட நிறுவனத்தின் துணையோ இசை நிறுவனத்தின் முதலீடோ இன்றி, வீட்டின் ஓர் அறையிலேயே பதிவுசெய்து உலகெங்கும் வெளியிட முடியும் என்பது இன்று எவரும் மறுக்காத செய்தி. மறுக்கப்படாததாலேயே அது போதிய அளவு ஆராயப்படவும் இல்லை. கருவிகளின் விலை வீழ்ந்தது, கணினி எளிதாயிற்று, ஆகவே ஒலிப்பதிவுக் கூடம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று சொல்லப்படுவதில் முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதோ அவ்விரண்டிலிருந்து தானாகப் பெறப்படும் முடிவன்று. ஒலியியல் அறிந்து கட்டப்பட்ட அறை, அதில் பணியாற்றும் ஒலிப்பொறியாளர், 'இந்த டேக் போதும்' என்று சொல்லும் தயாரிப்பாளர், மணிக்கணக்கில் ஏறும் வாடகை ஆகியவையும் கருவிகளோடு சேர்ந்த ஏற்பாட்டுக்கே கூடம் என்று பெயர். இவற்றுள் வீட்டுக்கு வந்தவை எவை, வராதவற்றின் இடத்தைத் தனி இசைக்கலைஞர் எதைக்கொண்டு நிரப்புகிறார் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. தம் பாடலைத் தாமே உருவாக்கி, தம் செலவில் பதிவுசெய்து, உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொள்பவரே இங்கே தனி இசைக்கலைஞர் எனப்படுகிறார்.

வீட்டில் பதிவுசெய்யும் வழக்கம் கணினிக்கு மூத்தது. அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் 1940களிலேயே ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கார் கொட்டகையைப் பதிவுக்கூடமாக்கி, தாம் வாசித்ததன்மேல் தாமே மீண்டும் வாசித்து அடுக்கினார். 1948இல் வெளியான 'லவ்வர்' அவ்வாறு உருவானது. காந்த நாடா இயந்திரம் கைக்கு வந்ததும் அதில் கூடுதலாக ஒரு காந்தத் தலையைப் பொருத்தி, நாடாவில் ஏற்கெனவே இருக்கும் ஒலியைப் புதிய வாசிப்போடு கலந்து அதே நாடாவில் எழுதும் முறையை அவர் வகுத்தார். இம்முறையில் பழைய அடுக்கை அழித்தே புதிய அடுக்கு எழுகிறது என்பதால், பத்தாவது வாசிப்பில் விரல் பிசகினால் முதல் வாசிப்பிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மேரி ஃபோர்டுடன் சேர்ந்து அவர் வெளியிட்டு 1951இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற 'ஹௌ ஹை த மூன்' இத்தகைய கத்திமுனைப் பயணத்தில் வீட்டிலேயே பதிவானது. ஒவ்வோர் ஒலியையும் தனித்தனித் தடத்தில் வைத்துக்கொண்டு, பிறகு வேண்டிய அளவில் கலக்க இடம்தரும் பல்தடப் பதிவு பரவிய பின்னரே அந்த அச்சம் நீங்கியது. பால் மெக்கார்ட்னி 1970இல் வெளியிட்ட 'மெக்கார்ட்னி' ஆல்பத்தின் பெரும்பகுதி லண்டனில் அவர் வீட்டில், கலவை மேசைகூட இல்லாமல், நான்கு தட ஸ்டூடர் இயந்திரத்தில் மைக்கை நேரடியாகச் செருகிப் பதிவுசெய்யப்பட்டது. ஆனால் அன்று ஸ்டூடர் இயந்திரம் சாமானியர் வாங்கக்கூடியதாக இல்லை. வீட்டுப் பதிவு செல்வமும் புகழும் பெற்றவர்களின் வசதியாகவே இருந்தது.

அந்த நிலையை மாற்றியது 1979இல் டாஸ்கம் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ 144. சாதாரண கேசட்டின் இருபக்கத் தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தி நான்கு தடங்களாக்கி, நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டி, சிறு கலவை மேசையையும் அதே பெட்டியில் அடக்கிய கருவி அது. அதன் புகழுக்குக் காரணமான ஆல்பம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா'. நியூ ஜெர்சியில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டில், போர்ட்டாஸ்டுடியோவில் இரண்டு ஷூர் எஸ்.எம்.57 மைக்குகளைச் செருகி, 1982 தொடக்கத்தில் அவர் பெரும்பாலான பாடல்களைப் பதிவுசெய்தார். குழுவினருக்குப் பாடல்களைக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவு என்பதைத் தாண்டி அப்போது அதற்கு நோக்கம் ஏதும் இல்லை. பின்னர் குழுவோடு முறையான ஸ்டுடியோவில் மீண்டும் பதிவுசெய்தபோது பாடல்களின் உயிர் போய்விட்டதாக அவருக்குப் பட்டது. உறைகூட இல்லாமல் அவருடைய பாக்கெட்டில் திரிந்த கேசட்டே 1982 செப்டம்பரில் ஆல்பமாக வெளிவந்தது.

வீட்டுப் பதிவைப் பாராட்டுவோர் இந்தக் கதையை இவ்விடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். எஞ்சிய பகுதியே ஆய்வுக்கு அதிகம் பயன்படுவது. அந்தக் கேசட்டின் ஒலி அளவும் தரமும் இசைத்தட்டில் வெட்டுவதற்கு ஒத்துவராததால், மாஸ்டரிங் எனப்படும் இறுதிச் சீரமைப்பில் தேர்ந்த பொறியாளர்கள் நெடுநாள் திணறியே அதை வெளியீட்டுக்கு உரியதாக்கினார்கள். மலிவான கருவியில் பிறந்த ஆல்பத்தைக் கரைசேர்க்கத் தொழில்முறைக் கூடங்களின் உழைப்பும், அதற்குச் செலவிடத் தயாராக இருந்த கொலம்பியா நிறுவனமும் தேவைப்பட்டன. இதே அமைப்பு பிற்காலத்திலும் திரும்புகிறது. பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸில், பெற்றோர் வீட்டில் அவருடைய அண்ணன் ஃபினியஸின் சிறிய படுக்கையறையில் பதிவாகி 2019இல் வெளியானது. 2020 கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட முதன்மையான நான்கு விருதுகளும் ஒரே இரவில் அவருக்குக் கிடைத்தன. படுக்கையறை பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அதன் கலவையை ராப் கினெல்ஸ்கியும் மாஸ்டரிங்கை ஜான் கிரீன்ஹாமும் செய்தார்கள் என்பதும், பெரிய நிறுவனமொன்று அதை உலகெங்கும் கொண்டுசென்றது என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அறை வீட்டினுடையதாக இருந்தாலும் காதுகள் வெளியிலிருந்தும் வந்தன.

தமிழ்ச் சூழலில் இம்மாற்றம் வேறு பாதையில் நிகழ்ந்தது. சென்னையின் திரையிசைப் பதிவு நெடுங்காலம் பெரிய கூடங்களில், வாத்தியக் குழுவும் பாடகரும் ஒருங்கே அமர்ந்து, கால்ஷீட் கணக்கில் நடைபெற்றது. ஒரு வயலின் தவறினால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும் என்பதால், ஒத்திகையும் ஒழுங்கும் அங்கே தொழில்நுட்பத்தின் பகுதியாகவே இருந்தன. ஏ.ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன், விளம்பர இசைக்காகத் தொடங்கி, 1992இல் 'ரோஜா' பாடல்களின் பிறப்பிடமாயிற்று. கணினியிலும் சின்தசைசரிலும் ஒலிகளை இரவு நேரத்தில் பொறுமையாக அடுக்கி, பாடகர்களைத் தனித்தனியே அழைத்துப் பதிவுசெய்யும் முறை அங்கிருந்தே தமிழ்நாட்டில் வேரூன்றியது எனலாம். அது வீட்டோடு இணைந்திருந்த தொழில்முறைக் கூடமே தவிர, இன்றைய பொருளில் ஹோம் ஸ்டுடியோ அன்று, ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் போன்றோரின் கைத்திறன் ரகுமானின் பதிவுகளோடு நெடுங்காலம் இணைந்திருந்ததையும் மறக்கலாகாது. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த லண்டன் கலைஞர் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் வெளியிட்ட 'அருளர்' ஆல்பம், இன்றைய பொருளுக்கு இன்னும் நெருக்கமானது: ரோலண்ட் எம்.சி.505 என்னும் ஒற்றைத் தாளப்பெட்டியில் அவர் தாமே கட்டிய மாதிரிப் பாடல்களே அதற்கு அடித்தளம். அப்பாடல்களும் பின்னர் தயாரிப்பாளர்கள் பலரின் கைபட்டே நிறைவு பெற்றன.

இனி, வீட்டுக்கு வராதவற்றுள் முதலாவதாகிய அறையைக் காண்போம். மடிக்கணினியும் மைக்கும் வாங்கியவர் அடுத்து வாங்க நினைப்பது விலை கூடிய மைக்கை. அவருடைய பதிவின் குறை பெரும்பாலும் சுவரில் இருக்கிறது. தமிழ்நாட்டு நகர வீடுகளில் பத்துக்குப் பத்து அடி அறையும் பத்தடி உயரக் கூரையும் மிகவும் வழக்கமான அளவு; அதாவது அந்த அறை ஒரு கன சதுரம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி முன்னும் பின்னும் மோதி, குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் தன்னைத்தானே வலுப்படுத்திக்கொள்வதை நிலை அலை என்பர். பத்தடி இடைவெளியில் இது ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 114, 171 ஹெர்ட்ஸிலும் நிகழும். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுபட்ட அறையில் இந்த முழக்கங்கள் வெவ்வேறு சுருதிகளில் சிதறிவிடும். கன சதுர அறையிலோ மூன்றும் ஒரே இடத்தில் குவிந்து, சில சுரங்களை மட்டும் ஊதிப் பெரிதாக்கும். ஆண் குரல் பாடும் எல்லைக்குள்ளேயே 114, 171 இரண்டும் வருவதால், பாடகர் ஒரே அளவில் பாடியும் பதிவில் ஒரு சுரம் எழுந்தும் மற்றொன்று தாழ்ந்தும் நிற்பதற்கு அவருடைய பயிற்சிக் குறைவு காரணமாகாது. இத்தகைய அறையின் நட்ட நடுவில் மைக்கை நிறுத்துவது, 114 ஹெர்ட்ஸின் உச்சத்திலேயே அதை நிறுத்துவதாகும். ஓர் அடி இரண்டடி தள்ளி வைப்பதற்குக் காசு செலவில்லை.

மேலை நாட்டுக் கையேடுகளை அப்படியே பின்பற்றுவதிலும் ஓர் இடர் உண்டு. அவை மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்த சுவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அச்சுவர்கள் சிறிது அதிர்ந்து தாழ்ந்த ஒலியின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் டைல்ஸ் தரையும் கொண்ட அறை ஏறத்தாழ எதையும் விழுங்காமல் திருப்பி எறியும். ஆகவே இங்கே உறிஞ்சு பொருள் கூடுதலாக, கூடுதல் தடிமனில் வேண்டும். கடைகளில் கிடைக்கும் இரண்டு அங்குல ஸ்பஞ்சுத் தகடுகள் உச்ச ஒலிகளை மட்டும் உறிஞ்சி, தாழ்ந்த முழக்கத்தை அப்படியே விட்டுவிடுவதால், அறை முன்பைவிட மந்தமாக ஒலிக்கும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. ஒலியியல் அடிப்படையில் அதனால் பயன் ஏறத்தாழ இல்லை. மூலைகளில் தடிமனாக அடுக்கிய ராக்வூல் பலகை, பாடகருக்குப் பின்னால் நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை, துணி அடைந்த திறந்த அலமாரி ஆகியவை இவற்றைவிட நேர்மையாக வேலைசெய்யும். அறையிலுள்ள இரும்பு பீரோவை மட்டும் வெளியேற்றிவிடுவது நல்லது, அது ஏதேனும் ஒரு சுரத்துக்குக் கூடவே அதிரும்.

உறிஞ்சுதலும் தடுத்தலும் வேறு வேறு என்பதும் அடிக்கடி மறக்கப்படுகிறது. மெத்தை உள்ளே எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியே செல்லும் பேருந்தின் ஒலியைத் தடுக்காது. தடுப்பதற்கு வேண்டியவை எடையும் இடைவெளியின்மையும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதில் சிறந்தது என்பதால், இந்திய வீட்டில் ஒலி புகும் வழி சன்னலும் கதவிடுக்குமே. மின்விசிறியை நிறுத்தினால் ஏப்ரல் மாதத்தில் அந்த அறையில் அரை மணிநேரம் பாட முடியாது. ஓடவிட்டால் அதன் காற்று மைக்கில் விழும். வெப்பமும் ஈரமும் ஏறும்போது கிதார் தந்தியும் மிருதங்கத் தோலும் சுருதி மாறும். பதிவுக்குரிய நேரம் இதனால் ஊர் அடங்கிய பின்னிரவாகச் சுருங்குகிறது. அந்நேரத்தில் பறையையோ தவிலையோ பதிவுசெய்ய அண்டை வீட்டார் விடமாட்டார்கள். மென்குரலும் மின்னொலியும் வீட்டு ஆல்பங்களில் மிகுந்திருப்பதற்கு அழகியல் விருப்பத்தோடு இந்த நெருக்கடியும் காரணம். பறையை மையமாகக் கொண்ட இசைக்கு இன்றும் கூடமோ திறந்தவெளியோதான் வேண்டியிருக்கிறது என்பது, வீட்டுப் பதிவு எல்லா இசைக்கும் ஒரே அளவில் கதவு திறக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக்கின் மின்னலையை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ், தடங்களை வெட்டி ஒட்டிக் கலக்க உதவும் பதிவு மென்பொருள், மைக், ஹெட்போன் ஆகிய நான்கும் இன்று மலிவான வகையிலேயே போதிய தரத்தில் கிடைக்கின்றன. மென்மையான ஒலியையும் வாரிக்கொள்ளும் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். அது நல்ல அறையில் சிறக்கும், மோசமான அறையில் அறையையே பதிவுசெய்யும். சீரமைக்கப்படாத அறையில் டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பாடுவதே புத்திசாலித்தனம், ஏனெனில் தொலைவைப் பாதியாக்கினால் குரல் மட்டும் 6 டெசிபல் உயர்கிறது, அறையின் ஒலி அப்படியே நிற்கிறது. நாடாக் காலத்தில் இரைச்சலை மூழ்கடிக்க ஒலியளவை உச்சம்வரை ஏற்றிப் பதிவுசெய்தார்கள். 24 பிட் பதிவில் அதற்குத் தேவை இல்லை, உச்சத்துக்கு 12 டெசிபல் கீழே வைத்துக்கொண்டாலும் இழப்பு ஏதும் இல்லை. பாடியது கணினிக்குள் சென்று காதுக்குத் திரும்பும் தாமதம் நூற்றில் ஒரு நொடியைத் தாண்டினால் தாளம் தடுமாறும். ஆகவே கணினியைச் சுற்றாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே தம் குரலைக் கேட்டுக்கொள்ளும் வசதி எந்த விலையுயர்ந்த மென்பொருளையும்விட உதவும்.

வாடகை இல்லாமை பெரும்பாலும் வரமாகவே பேசப்படுகிறது. ஒரு சரணத்தை நாற்பது முறை பாடி, சொல்லுக்குச் சொல் சிறந்ததைப் பொறுக்கி ஒட்டலாம். பிசிறைத் திருத்தும் மென்பொருளும் கைவசம் இருக்கிறது. எண்ணெய் வள ஆய்வுக்காக நில அதிர்வலைகளைப் பகுத்த அனுபவமுள்ள ஆண்டி ஹில்டிபிராண்ட் 1997இல் வெளியிட்ட ஆட்டோட்யூன், பாடிய சுருதியை அருகிலுள்ள சுரத்துக்கு இழுத்துவிடும். அது இழுப்பது மேலை இசையின் சமமாகப் பகுக்கப்பட்ட பன்னிரண்டு நிலைகளுக்கு. தமிழ்ப் பாடலில், கருநாடக இசையின் நிழல் படிந்ததாயினும் நாட்டுப்புறத்தின் வழி வந்ததாயினும், சுரம் நிலையாக நிற்பதைவிட ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கி அசைவதே மிகுதி. கமகத்தின் இந்த அசைவைப் பிழை என்று எண்ணும் மென்பொருள், வேகமாக இயங்குமாறு வைக்கப்பட்டால், ஜாரு என்னும் வழுக்கலைப் படிக்கட்டாக்கிவிடும். சுரம் சுரமாகக் கையால் தொட்டு, பிசகிய இடத்தை மட்டும் திருத்துவதே இங்கு ஏற்ற முறை. அதைவிட நல்லது மீண்டும் பாடுவது. எந்த அசைவு பிழை, எது அழகு என்று தீர்ப்பதற்குப் பாடியவரின் காது போதாது, நாற்பதாவது டேக்குக்குப் பின் அது களைத்திருக்கும். கூடத்தில் தயாரிப்பாளர் செய்த வேலை இதுவே. அவர் இல்லாத வீட்டில் ஆல்பங்கள் கெடுவதைவிட முடியாமலே கிடப்பதே அதிகம். எத்தனை மடிக்கணினிகளில் பாதிப் பாடல்கள் உறங்குகின்றன என்பதற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

கலவையிலும் அறையே மீண்டும் குறுக்கிடுகிறது. கன சதுர அறையின் நடுவில் அமர்ந்து கேட்பவருக்கு 57 ஹெர்ட்ஸ் ஏறத்தாழக் கேட்காது. தாழ்ந்த ஒலி போதவில்லை என்று எண்ணி அவர் கூட்டிக்கொண்டே போவார், அந்தப் பாடல் வெளியே காரில் ஒலிக்கும்போது கதவு அதிரும். ஆகவே ஸ்பீக்கரோடு ஹெட்போனிலும், கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியிலும், வேறொருவர் வீட்டிலும் கேட்டுப் பார்த்த பின்னரே கலவை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். மாஸ்டரிங்கில் பிறரைவிட உரக்க ஒலிக்க வேண்டும் என்ற பழைய போட்டிக்கு இன்று பொருள் இல்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வகுத்த அளவுமுறையின் வழியில் ஒலி உரப்பை மதிப்பிட்டு, ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் மிகையாக உரத்த பாடலைத் தாமே தணித்து, ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற பொது அளவுக்குக் கொண்டுவருகின்றன. நசுக்கி உரப்பாக்கிய பாடல் அங்கே நசுங்கலோடு நிற்குமே தவிர உரப்பாக நிற்காது. தனி இசைக்கலைஞரிடம் சிறு தொகைதான் இருக்கிறது என்றால், அதை இரண்டாவது மைக்குக்குச் செலவிடாமல், வேறொரு தேர்ந்த காது கலவையையோ மாஸ்டரிங்கையோ செய்வதற்குத் தருவதே, மேற்கண்ட வரலாறு முழுவதும் ஆதரிக்கும் முடிவு.

வெளியிடுவது எளிது. விநியோக நிறுவனம் ஒன்றுக்குக் கட்டணமோ வருவாயில் பங்கோ தந்தால், ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும், எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடங்கள் கொண்ட அடையாளக் குறியீட்டையும் பெற்று எல்லாத் தளங்களிலும் அது ஏற்றிவிடும். வருவாய் வேறு கதை: ஓர் ஆண்டில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பதிவுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை அதன் பதிவுரிமைப் பங்கைத் தருவதில்லை. உரிமையைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாடல் வரி, இசையமைப்பு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் தனித்தனி உரிமைகளாகக் கொள்கிறது. பதிவைத் தொடங்கி அதற்குப் பொறுப்பேற்பவரே சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர் என்பதால், வீட்டில் தம் செலவில் பதிவுசெய்தவர் பொதுவாக ஒலிப்பதிவுக்கும் உரிமையாளர் ஆகிறார். திரையிசையில் பலருக்கும் கிடைக்காத நிலை இது. வரி எழுதிய நண்பருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய ராயல்டிப் பங்கை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் உறுதியாக்கியது. வாசித்த கலைஞருக்கு நிகழ்த்துநர் உரிமை தனியே உண்டு. பிறர் பாடலை மறுபதிவு செய்ய விரும்புவோர், மூலப்பதிவு உருவான ஆண்டு முடிந்து ஐந்தாண்டுகள் காத்திருந்து, முன்னறிவிப்பும் முன்பணமும் தந்தே சட்டவழி உரிமத்தைப் பயன்படுத்த இயலும். யாவரும் வாங்கக்கூடிய ஆயத்த லூப்களால் கட்டிய பாடல், அதே லூப்பைப் பயன்படுத்திய வேறொருவரின் பாடலாகத் தளங்களின் தானியங்கிச் சோதனையில் அடையாளம் காணப்படுவதும் உண்டு.

நட்பின்பேரில் வந்து ஒரு மாலை வயலின் வாசித்தவருக்குப் பங்கு உண்டா, எவ்வளவு, பாடல் விளம்பரத்துக்கு விற்கப்பட்டால் என்ன என்பவை பதிவு நாளில் ஒருவரும் கேட்காத கேள்விகள். பாடல் பரவிய பிறகு கேட்கப்படும்போது நட்பு தாங்காது. பங்கேற்ற ஒவ்வொருவர் பெயரும் பணியும் பங்கும் எழுதிய ஒரு பக்க ஒப்பந்தத்தில் அனைவரும் கையொப்பமிட்ட பின்னரே ஆல்பத்தை விநியோக நிறுவனத்திடம் ஏற்ற வேண்டும். தடங்கள் அனைத்தின் பிரதியையும் வேறொரு வன்தட்டில் எடுத்து, வேறொரு வீட்டில் வைக்க வேண்டும்.